பொறுப்புத் தாய்மாமன்

டிசம்பர் 3

கணவாய் மூடிவிட்டது. இனி ஏப்ரல் வரை இந்தச் சாவடிக்குச் சாலை கிடையாது. ஹெலிகாப்டருக்கு மனம் வந்தால் அது வரும்.

குளிர்காலம் முடியும்வரை ஆளுக்கொரு பொழுதுபோக்கு வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஒருவரையொருவர் கடிக்க ஆரம்பித்துவிடுவோம் என்று கேப்டன் ராத்தோட் உத்தரவிட்டார். சமையல்காரன் சசீந்திரன் மரத்துண்டில் யானை செதுக்குகிறான். லான்ஸ் நாயக் சுப்பையா பாடப்போவதாக அறிவித்தான். உத்தரவை மறுபரிசீலனை செய்யும்படி மற்ற எல்லோரும் கேப்டனிடம் போய் நின்றோம். நான் நாட்குறிப்பு எழுதுகிறேன்.

இடத்தின் பெயர், உயரம், ஆட்களின் எண்ணிக்கை எதையும் எழுதக் கூடாது என்பது விதி. எனவே எதிரி இதைக் கைப்பற்றினால் அவருக்கு என் குடும்ப விவகாரம் மட்டுமே கிடைக்கும். அது புரிவதற்குத் தமிழ் தெரிந்தால் போதாது. கல்யாணமும் ஆகியிருக்க வேண்டும்.

நான் ஹவில்தார் தணிகாசலம், நர்சிங் அசிஸ்டென்ட். இங்கே மருத்துவர் கிடையாது. ஆகவே என்னை எல்லோரும் டாக்டர் என்கிறார்கள். பக்கத்தில் மரமே இல்லாததால் ஆமணக்கும் பெருமைப்பட்டுக்கொள்கிறது.

டிசம்பர் 8

ஞாயிறு. சாட்டிலைட் ஃபோன் நாள். ஆளுக்குச் சில நிமிடங்கள்தான். நாம் பேசியது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் அங்கிருந்து வேறொன்று கிளம்பிவிடும். குடியாத்தத்தில் இருக்கும் என் மனைவி கோமளாவோடு பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

"சாப்டீங்களா?"

"சாப்டேன்."

"இன்னா சாப்டீங்க?"

"சப்பாத்தி. அங்க இன்னா விசேஷம்?"

"தொட்டுக்க இன்னா?"

இப்படியே முக்கால்வாசி நேரம் போனது. கடைசியில்தான் விஷயம் வந்தது. என் தங்கை புனிதாவின் குழந்தைக்குத் தை மாதக் கடைசி ஞாயிறு காதுகுத்து. அழைக்க வந்தவர் புனிதாவின் கணவர் முனிரத்தினம் மட்டும்.

"அவரு வந்து வெத்தல பாக்கு வெச்சாரு. அவ வர்ல. வாசல்ல கால் வெச்சா தேஞ்சிடுமா? அவ வந்து கூப்பிடாம நான் போவமாட்டேன், சொல்லிட்டேன்."

லைன் போய்விட்டது.

டிசம்பர் 9

எதிரிக்கான பின்னணிக் குறிப்பு.

என் மனைவியும் தங்கையும் பேசிக்கொள்வதில்லை. காரணம் புளியோதரை. புனிதா எட்டு வருடம் காத்திருந்து கருவுற்றாள். வளைகாப்புக்குக் கோமளா ஏழு வகைக் கலந்த சாதம் கொண்டுபோனாள். புனிதா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்ணி, புளியோதரை மட்டும் கடையில வாங்கின மாதிரி கீது" என்றாள். அது கடையில் வாங்கியது. பொய்யாக இருந்திருந்தால் மறந்துபோயிருக்கும். உண்மை என்பதால் குழந்தை பிறந்து பத்து மாதமான பிறகும் நீடிக்கிறது.

எங்கள் பெற்றோர் இருவரும் இல்லை. ஆக, புனிதாவுக்குத் தாய் வீடு என்றால் அது என் வீடுதான். நான் இங்கே இருக்கிறேன். அந்த வீட்டின் கதவைத் திறப்பதும் சாத்துவதும் கோமளா. காதுகுத்துக்கு அந்த வீட்டிலிருந்து யாரும் சீர்த்தட்டோடு வரவில்லை என்றால் மாமியார் வீட்டில் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். அதாவது, வாழ்நாள் முழுக்கச் சொல்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

டிசம்பர் 15

இன்று கிடைத்த நேரத்தைப் புனிதாவுக்குக் கொடுத்தேன்.

"சாப்டியா ண்ணா?"

"சாப்டேன். நீ போய் அண்ணியக் கூப்பிடு."

"எங்க அண்ணன் வூட்டுக்கு நான் வெத்தல பாக்கு எடுத்துகினு போவணுமா? நான் இன்னா மூணாம் மனுஷியா?"

கோமளா சொல்வது நியாயம். புனிதா சொல்வதும் நியாயம். இரண்டு நியாயங்களுக்கு நடுவே பேருந்தில் அரை மணி நேரத் தூரம். இதுவரை யாரும் ஏறவில்லை.

இன்னொரு செய்தியும் சொன்னாள். நான் வராவிட்டால் சித்தப்பா மகன் நடேசன் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிடலாம் என்று அவள் மாமியார் முடிவு செய்துவிட்டாராம். "நீ வந்துடு ண்ணா. ஆஸ்பத்திரியிலயே நர்ஸுங்ககிட்ட சொல்லிட்டேன், எங்கண்ணன் மடியிலதான் காது குத்துவேன்னு."

நடேசன் கெட்டவன் அல்ல. எதையும் மறக்கமாட்டான், அவ்வளவுதான். மற்றவர்களையும் மறக்கவிடமாட்டான். ஒருமுறை மடி கொடுத்தால் அந்தப் பெண் வயதுக்கு வரும்போதும் கல்யாணத்தின்போதும் முதல் மாலை அவனுடையது.

எனக்கு இந்தச் சடங்குகளில் நம்பிக்கை இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பத்தாம் வகுப்பிலேயே இவற்றை எதிர்த்துப் படித்துவிட்டேன். ஒரு குழந்தை யார் மடியில் உட்கார்ந்து அழுகிறது என்பதால் உலகத்தில் எதுவும் மாறாது.

ஜனவரி 28 முதல் விடுப்புக் கேட்டு மனு கொடுத்தேன். அது வேறு காரணத்துக்காக.

டிசம்பர் 19

கேப்டன் மனுவைப் படித்தார். அவர் ராஜஸ்தான்காரர். இந்தியில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"காது குழந்தையுடையது. அப்பா உயிரோடு இருக்கிறார். நீ எதற்கு?"

நான் விளக்குவதற்கு முன் சுப்பையாவும் சசீந்திரனும் அருகில் வந்துவிட்டார்கள். சித்தூர்க்காரன், பாலக்காட்டுக்காரன், நான். மூவரும் இதுவரை எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை. சாம்பாரில் வெல்லம் போடுவது பற்றி ஒரு வாரம் பேசாமல் இருந்திருக்கிறோம். தாய்மாமன் விஷயத்தில் மட்டும் மூன்று மாநிலங்களும் ஒரே வரிசையில் நின்றன.

"மாமா இல்லாம எப்படி சாப்?" என்றான் சுப்பையா, கேப்டனுக்கே சட்டம் சொல்லும் குரலில்.

கேப்டன் யோசித்தார். "கமாண்டர் ஊரில் இல்லாவிட்டால் அடுத்தவர் பொறுப்பு ஏற்கிறார். அதுபோல் பொறுப்பு மாமா வைத்துக்கொள்ளலாமே?"

"அதுக்குத்தான் சாப் அங்க ஒருத்தன் ரெடியா இருக்கான்" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

டிசம்பர் 22

ராஜதந்திரத்தில் இறங்கினேன். கோமளாவிடம், "புனிதா உன்ன ரொம்ப விசாரிச்சா" என்றேன்.

"என்ன எதுக்கு விசாரிக்கிறா? இன்னா வேணுமாம் அவளுக்கு?"

டிசம்பர் 29

இதையே மறுபக்கம் முயன்றேன். "அண்ணி உன்ன விசாரிச்சா" என்றேன் புனிதாவிடம்.

"அப்படியா? நீ பொய் சொன்னா குரல் மாறும் ண்ணா. சாட்டிலைட்ல கூடத் தெரியுது."

ராஜதந்திரத்தைக் கைவிட்டேன்.

ஜனவரி 6

ஒரு வாரமாகப் பனிப்புயல். முட்டை கல்லாகிவிட்டது. தேங்காய் எண்ணெயைக் கத்தியால் வெட்டித் தலையில் வைத்துக்கொள்கிறோம். வீட்டில் நான் ஹீட்டர் வைத்த ஆஃபீஸில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஹீட்டர் என்பது மண்ணெண்ணெய் ஊற்றிய தகரப் பீப்பாய். ஆஃபீஸ் என்பது அதற்கு மேலே காயும் எங்கள் காலுறைகள். அடிப்படையில் பொய் இல்லை.

ஜனவரி 10

இன்று ஒரு தவறான புரிதல் நிகழ்ந்தது.

இங்கே அணியும் உடுப்போடு சம்மணம் போட்டு உட்கார முடியாது. முழங்காலுக்கு நல்லதல்ல. மருத்துவப் பணியாளன் என்ற முறையில் கொஞ்ச நாளாகத் தினமும் உட்கார்ந்து பழகுகிறேன். மடியில் பால் பவுடர் டின் வைத்துக்கொள்வது எடைக்காக. அதன்மேல் ஒரு கையைப் போட்டுக்கொள்வது டின் உருளாமலிருப்பதற்காக.

சசீந்திரன் டீ கொண்டுவந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"சேட்டா, டின்னுக்கு மொட்டை அடிச்சாச்சா?"

"இது முட்டிக்கான பயிற்சி."

"சரி சரி. தல கொஞ்சம் ஏறிப் பிடிக்கணும். அல்லெங்கில் குத்தும்போது ஆடும்."

அவன் தன் அக்காவின் மூன்று பிள்ளைகளையும் மடியில் வைத்தவனாம். எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டினான். மருத்துவ ஆர்வத்தால் கவனித்தேன்.

ஜனவரி 14

பொங்கல். இந்த உயரத்தில் பிரஷர் குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. குக்கரில் வைத்தால் பொங்காது. சற்று விவாதித்தபின் முதல் விசிலுக்குப் பொங்கலோ பொங்கல் சொல்வது என்று தீர்மானம் நிறைவேறியது. கேப்டனும் சேர்ந்து கத்தினார். இரண்டாவது விசிலுக்கும் கத்தினார். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

ஜனவரி 19

கோமளா: "லீவு கெடச்சிடுச்சா? அப்ப நீங்களே போய் உக்காருங்க. சீர எடுத்து வைக்கறேன். நான் வர்ல."

பாதி வெற்றி. தட்டு வரும், ஆளும் வரும். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று அங்கே சொல்லிக்கொள்ளலாம். யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் நம்பாததை மரியாதையாக மறைப்பார்கள்.

ஜனவரி 24

சுப்பையாவுக்குப் பல்வலி. கிராம்பு கொடுத்தேன்.

ஜனவரி 26

கொடி ஏற்றினோம். கொடி விரைத்து, இஸ்திரி போட்டதுபோல் நின்றது. சுப்பையா வரிசையில் நிற்கும்போது கன்னம் வீங்கியிருந்தது. மாத்திரையை மாற்றினேன். நாளை மறுநாள் ஹெலிகாப்டர் வருமாம். சாமான்களை இறக்கிவிட்டு ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும். அந்த ஒருவர் நான். பெட்டி கட்டியாகிவிட்டது.

ஜனவரி 27

சுப்பையாவுக்குக் காய்ச்சல். வாய் இரண்டு விரல் அளவுக்குமேல் திறக்கவில்லை. வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

மருந்திலேயே அடங்கிவிடலாம். பெரும்பாலும் அடங்கும். அடங்காமல் கழுத்துப் பக்கம் போனால் இங்கே என்னால் செய்யக்கூடியது எதுவுமில்லை.

கேப்டன் கேட்டார்: "அவன் அடுத்த ஹெலிகாப்டர் வரை தாங்குவானா? நீதான் டாக்டர். நீ சொல்வதைத்தான் எழுதுவேன்."

சுப்பையா என் பெட்டியைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, திறக்காத வாயால், "நாகு ஏமி காலேது அண்ணா. நீ போ" என்றான். எனக்கு ஒன்றுமில்லை, நீ போ என்று அர்த்தம். ஒன்றுமில்லாதவன் முகம் அப்படி இருக்காது.

ஜனவரி 28

வானம் தெளிவு. ஹெலிகாப்டர் வந்தது, போனது.

சுப்பையாவை அனுப்பிவிட்டேன். அவன் முனகும் சத்தத்தில் ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை. இப்போது அமைதியாக இருக்கிறது. நிறையப் படிக்கலாம்.

ஜனவரி 29

படிக்கவில்லை.

ஜனவரி 31

பனி. அடுத்த ஹெலிகாப்டர் எப்போது என்று ரேடியோவில் கேட்டால் சிரிக்கிறார்கள்.

சசீந்திரன் கேட்காமலே பாயசம் வைத்தான். காரணம் கேட்டதற்கு, பால் பவுடர் டின் ஒன்று சும்மா இருந்தது என்றான்.

பிப்ரவரி 2

இருந்த நேரத்தை இரண்டாகப் பிரித்தேன். முதலில் புனிதாவுக்கு. வானிலை சரியில்லை, ஹெலிகாப்டர் வரவில்லை, நடேசனையே உட்கார வையுங்கள் என்றேன். அவள் சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "சரி ண்ணா, உடம்பப் பாத்துக்க" என்று மட்டும் சொன்னாள். எங்கள் அம்மா இறந்ததை ஃபோனில் சொன்னபோதும் இதே குரல்தான்.

பிறகு கோமளா.

"வானிலை சரியில்ல. ஹெலிகாப்டர் வர்ல" என்றேன்.

"வர்லியா?"

"வர்ல."

"அப்ப சுப்பையான்னு ஒருத்தர் பறந்தா போனாரு?"

சாட்டிலைட்டைக் குறை சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் பண்ணாரு. எனக்குத் தெலுங்கு வரும்னு நீங்கதான சொல்லிகீறீங்க? பல்லப் புடுங்கிட்டாங்களாம், கழுத்தக் கிழிச்சுச் சீழ எடுத்தாங்களாம். ஒரு நாள் தள்ளியிருந்தா ஆளு இல்லன்னாராம் டாக்டரு. வாயெல்லாம் கட்டு. பேசறதே புரியல, அதுல அழுகை வேற. வதினா வதினான்னு, அதான் அண்ணி அண்ணின்னு, சொன்னதையே சொல்றாரு. எனக்கே அழுகை வந்துடுச்சு, தெரியாத ஆம்பளகிட்ட."

"அவன் கொஞ்சம் மிகைப்படுத்துவான்."

"ஹீட்டர் வெச்ச ஆஃபீஸுன்னீங்களே, அதப் பத்தியும் சொன்னாரு."

"கோமளா..."

"வெச்சிடுங்க. எனக்கு வேல கீது."

என் மனைவி தானாக இணைப்பைத் துண்டித்தது கல்யாணமான நாளிலிருந்து இதுவே முதல் முறை. எனக்கு ஒதுக்கிய நேரத்தில் இன்னும் மீதி இருந்தது. யாருக்குப் பேசுவது என்று தெரியவில்லை. வானிலை ஆய்வு மையத்தைக் கூப்பிட்டிருக்கலாம்.

பிப்ரவரி 5

கால் விரல் பரிசோதனை. எல்லோருக்கும் எல்லா விரல்களும் இருக்கின்றன. சசீந்திரனின் யானைக்கு மட்டும் ஒரு கால் உடைந்துவிட்டது. இப்போது அதைக் கடல்நாய் என்கிறான்.

பிப்ரவரி 8

நாளை காதுகுத்து. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 9

காலையிலிருந்து கேப்டன் என்னை எந்த வேலைக்கும் கூப்பிடவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. நானாகவே போய்ப் பனி வெட்டினேன். அங்கே முகூர்த்தம் நடக்கும் நேரத்தில் தேவைக்கு மேலேயே வெட்டிவிட்டேன். கழிப்பறைக்குப் போகும் பாதை இப்போது தேசிய நெடுஞ்சாலை அகலத்தில் இருக்கிறது.

மாலையில் ஃபோன். கோமளாவின் எண்ணைப் போட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். பாத்திரச் சத்தம், பெண்கள் சிரிப்பு.

"எங்க கீற?"

"புனிதா வூட்ல."

நான் கேட்டது சரிதானா என்று மறுபடி கேட்டேன்.

"புனிதா வூட்லன்னா புனிதா வூட்லதான். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

அதன் பிறகு நடந்ததை இருவரும் மாறி மாறிச் சொன்னதிலிருந்து கோத்து எழுதுகிறேன்.

கோமளா சீர்த்தட்டுகளோடு கோயில் வாசலில் போய் நின்றிருக்கிறாள். உள்ளே வரவில்லை. கூப்பிட்டால்தானே வருவது. புனிதா குழந்தையோடு உள்ளே நின்றிருக்கிறாள். வாசலுக்குப் போகவில்லை. சொந்த அண்ணியைக் கூப்பிடுவதா. ஊரே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"அப்புறம் நான்தான் போனேன் ண்ணா" என்றாள் புனிதா. "'வெயில்ல இன்னாத்துக்கு அண்ணி நிக்கறீங்க'ன்னு தட்ட வாங்கினேன். அவ்ளோதான். வேற ஒண்ணும் பேசல."

"கூப்பிடல அவ" என்றாள் கோமளா. "வெயிலுன்னுதான் சொன்னா."

உள்ளே நடேசன் பட்டு வேட்டியோடு மணையில் உட்கார்ந்திருந்தான். மொட்டை அடித்த குழந்தையை அவனிடம் கொடுக்கும் நேரத்தில் கோமளா போய் அவன் எதிரே நின்று, "எழுந்திரிங்க கொழுந்தனாரே, அது எங்க வூட்டு எடம்" என்றிருக்கிறாள்.

புனிதாவின் மாமியார் குறுக்கே வந்தார். "பொம்பள மடியில காது குத்தறதா? எங்கனா கீதா இந்த அநியாயம்?"

"என் பொண்டாட்டி அதுக்கு இன்னா சொன்னா?" என்றேன்.

புனிதா அதை நடித்தே காட்டினாள் போலிருக்கிறது. குரல் அப்படியே கோமளா. "'அவரு ஊர்ல இல்லாதப்ப கரண்ட் பில் கட்றது நானு. ரேஷன் வாங்கறது நானு. சாவுக்குப் போறது நானு, கல்யாணத்துக்குப் போறது நானு. தண்ணி வர்லன்னா ஆஃபீஸுல போய் சண்ட போடறது நானு. அதுக்கெல்லாம் ஆம்பள எங்கன்னு ஒருத்தரும் கேக்கல. இதுக்கு மட்டும் கேக்கறீங்களா?' அப்படின்னாங்க ண்ணா. எங்க மாமியாரு பூசாரியப் பாத்தாங்க."

முனிரத்தினம் வழக்கம்போல் இரண்டு பக்கமும் தலையாட்டினாராம். பூசாரி ஆசாரியைப் பார்த்தார். ஆசாரி, "எனக்கு இன்னும் ரெண்டு எடத்துல காதுகுத்து கீது. யார் மடின்னாலும் காது ரெண்டுதான், சீக்கிரம் உக்காருங்க" என்றார். சாஸ்திரம் அதோடு தீர்ந்தது. கோமளா உட்கார்ந்தாள். நடேசனுக்குக் கிலுகிலுப்பை ஆட்டும் வேலை கிடைத்தது. அதையும் பொறுப்பாகவே செய்தானாம்.

"கொழந்த அழுதுதா?" என்றேன்.

"இவங்கதான் ண்ணா அழுதாங்க."

"எனக்கு ஹோமப் புகை" என்றாள் கோமளா.

காதுகுத்தில் ஹோமம் கிடையாது. நான் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

நான் ஏதாவது சொல்ல வேண்டிய இடம் இது. சொல்லத் தயாரானேன். அதற்குள் புனிதா, "ஆமா ண்ணா, எடத்த இன்னொருத்தருக்குக் குடுத்துட்டு எங்ககிட்ட வானிலன்னு சொன்னியா?" என்றாள்.

"இது மட்டுமா?" என்றாள் கோமளா. "போன தடவ லீவுல வரும்போது ரிசர்வேஷன் சீட்ட ஒரு கெழவருக்குக் குடுத்துட்டு நாக்பூர்லேர்ந்து நின்னுகினே வந்தாரு. என்கிட்ட ஜன்னல் சீட்டுன்னாரு. கால் வீங்கி கீது, கேட்டா கொசுன்றாரு."

"சின்ன வயசுலயும் இதேதான் அண்ணி. பரீட்சைக்குப் போகும்போது பேனாவ யாருக்கோ குடுத்துட்டு வாத்தியாருகிட்ட அடி வாங்கினு வந்துச்சு. அம்மா கேட்டா கீழ விழுந்துட்டேன்னுது."

"அதான பாத்தேன். பொய்யாச்சும் ஒழுங்கா சொல்ல வருதா?"

"கொரலு மாறும் அண்ணி!"

"மாறுது இல்ல? நான் எனக்கு மட்டும்தான் தெரியுதுன்னு நெனச்சேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு என் சிக்கனம், என் குறட்டை, கல்யாண வீட்டில் மூலையில் உட்கார்ந்து நான் பேப்பர் படிப்பது என்று வரிசையாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார். ஒரு வருடத்துக்கு மேலாக இரண்டு வீட்டிலும் தனித்தனியாகச் சேர்ந்திருந்த சரக்கு.

எனக்குப் பின்னால் அடுத்த முறைக்குக் காத்திருந்த சசீந்திரன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். நான் ஃபோனைக் கொஞ்சம் விலக்கி அவன் காதருகே வைத்தேன். அவன் சற்று நேரம் கேட்டான். பிறகு, தன் நேரத்தை எடுத்துக்கொள்ளும்படி கையைக் காட்டிவிட்டு, பீப்பாய்க்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அந்த நேரத்திலும் எனக்குப் பேச வாய்ப்பு வரவில்லை.

நடுவில் அங்கே ஏதோ எவர்சில்வர் பாத்திரம் தரையில் விழுந்து உருண்டு ஓடியது. குழந்தை தள்ளிவிட்டிருக்க வேண்டும். அதைத் தொடர்ந்து ஒரு அதட்டல் வந்தது. கோமளாவா புனிதாவா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.